ஒரே வீட்டில் பல கிளிகள்: அன்றாடப் பராமரிப்பு

கிளிகள் கூட்டமாக வாழும் பறவைகள். கூட்டத்தில் நலிந்து தெரியும் பறவையைத்தான் வேட்டைப் பறவைகள் முதலில் குறிவைக்கும் என்பதால், நோயுற்ற கிளி இயன்றவரை நலமாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். கூண்டுக்குள்ளும் இந்த இயல்பு மாறுவதில்லை. ஒரே ஒரு கிளி இருக்கும் வீட்டில் அது இரை எடுக்காவிட்டால் கிண்ணத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். நான்கு கிளிகள் சேர்ந்து உண்ணும் கிண்ணத்தில் அது தெரியாது. ஆகவே பல கிளிகளை வளர்ப்பவரின் முதல் வேலை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிந்து வைத்திருப்பதுதான்.

எந்தக் கிளிகளை வளர்க்கலாம்?

நம் ஊர்ப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி உள்ளிட்ட இந்தியக் கிளி இனங்களைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீடுகளில் வளர்க்கப்படுபவை பட்ஜி, காக்கடீல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், சன் கானூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களே. இவற்றிலும் சாம்பல் கிளி, மக்காவ், கானூர் போன்றவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2024இல் வெளியான விதிகளின்படி, இத்தகைய பறவைகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜியும் காக்கடீலும் அந்தப் பட்டியலில் இல்லை.

யாரை யாருடன் வைப்பது?

ஒரே கூண்டில் வெவ்வேறு அளவுள்ள கிளிகளை அடைப்பது ஆபத்து. பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் அதைவிடச் சற்றே பெரிது என்றாலும் சண்டையில் பட்ஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டித்துவிடும். பெரிய கிளியின் ஒரு கடி சின்னக் கிளியின் உயிரைப் பறிக்கலாம். எனவே இனத்துக்கு ஒரு கூண்டு என்பது பாதுகாப்பான விதி. இணை சேர்ந்த கிளிகள் இனப்பெருக்கக் காலத்தில் மற்றவற்றை விரட்டும். அப்போது அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

காக்கடீல், காக்கட்டூ, சாம்பல் கிளி ஆகியவற்றின் இறகுகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிரும். இந்தத் தூள் மக்காவின் நுரையீரலைப் பாதிக்கும். காற்றோட்டம் குறைந்த ஒரே அறையில் இவற்றை மக்காவுடன் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாக் கிளிகளும் ஒரே சமயத்தில் சிறகு விரிக்க இடமுள்ள கூண்டு தேவை. உயரத்தைவிட அகலம் முக்கியம். கம்பிகளின் இடைவெளி பட்ஜிக்கு 1.2 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் தலை மாட்டிக்கொள்ளும். ஒரே தடிமனுள்ள வழவழப்பான குச்சியில் நாளெல்லாம் உட்கார்ந்தால் பாதத்தில் புண் வரும். கொய்யா, வேம்பு போன்ற மரங்களின் மருந்து தெளிக்கப்படாத கிளைகளைப் பல தடிமன்களில் பொருத்துவது நல்லது.

காலை வேலைகள்

உணவு வைப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டியது எச்சத்தை. கூண்டின் அடித்தட்டில் செய்தித்தாள் விரித்திருந்தால் இது எளிது. ஆரோக்கியமான எச்சத்தில் பச்சை அல்லது பழுப்பு நிற மலம், வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர் என மூன்றும் இருக்கும். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும், மலம் குறைந்துபோவதும், ரத்தம் தெரிவதும் நோயின் அறிகுறிகள்.

அடுத்தது எடை. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசின் மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, கிளியை அதில் ஏறப் பழக்கலாம். வாரம் இரண்டு முறையாவது, வெறும் வயிற்றில் எடுத்து, ஒவ்வொரு கிளியின் பெயருக்கு எதிரே நோட்டில் குறிக்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். 35 கிராம் பட்ஜிக்கு அது மூன்றரை கிராம்தான். இறகு மூடிய உடலில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு. ஒரே நிறக் கிளிகள் பல இருந்தால் கால் வளையத்தைக் கொண்டு அடையாளம் காணலாம்.

உணவும் நீரும்

தினை, சூரியகாந்தி விதை என விதைகளை மட்டுமே போட்டு வளர்ப்பதுதான் பரவலான தவறு. விதைகளில் கொழுப்பு அதிகம். வைட்டமின் ஏ, கால்சியம் மிகக் குறைவு. நாளடைவில் கல்லீரலில் கொழுப்பு படியும், மூச்சுப்பாதை நோய்கள் எளிதில் தொற்றும். கிளிகளுக்கென்று தயாரிக்கப்படும் பெல்லட் உணவு பாதிக்கு மேலும், மீதியில் பெரும்பகுதி காய், கீரையும் இருப்பது நல்லது. கேரட், பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரை ஆகியவை வைட்டமின் ஏ தரும். பழமும் விதையும் கொஞ்சம் போதும். கால்சியத்துக்குக் கடல் நுரை ஓட்டைக் கூண்டில் மாட்டலாம். விதையிலிருந்து பெல்லட்டுக்கு ஒரே நாளில் மாற்றக்கூடாது. புதிய உணவை உணவென்றே அறியாமல் சில கிளிகள் பட்டினி கிடக்கும். பல வாரங்களில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

கூட்டத்தில் வலியது கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். கிளிகளின் எண்ணிக்கையைவிட ஒரு கிண்ணம் கூடுதலாக, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் ஒதுங்கியிருப்பதற்கும் உணவு கிடைக்கும். நறுக்கிய காய்கறி வெயில் காலத்தில் விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தண்ணீரை நாளுக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டும்.

அவகாடோ, சாக்லேட், காபி, மது ஆகியவை கிளிகளுக்கு நஞ்சு. வெங்காயம், பூண்டு, உப்பிட்ட தின்பண்டம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை கல்லீரலைக் கெடுக்கும்.

பகலும் இரவும்

உணவு தேடுவதிலேயே காட்டுக்கிளியின் பகலில் பெரும்பகுதி கழியும். கிண்ணத்தில் தயாராகக் கிடைக்கும் கிளிக்கு அந்த வேலை இல்லை. சலிப்பில் கத்தும், தன் இறகைத் தானே பிடுங்கும். உணவில் ஒரு பகுதியைக் காகிதத்தில் பொதிந்தும் தேங்காய் மட்டையில் செருகியும் வைத்தால் தேடி எடுக்கும். வாரத்தில் சில முறை நீர் தெளித்துக் குளிக்க விடலாம்.

தினமும் ஓரிரு மணி நேரமாவது வெளியே பறக்க விட வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவற்றை முறைவைத்து விடலாம். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களை மூடி, கண்ணாடியைத் திரையிட்டு, அடுப்பை அணைக்க வேண்டும். மிகையாகச் சூடேறிய நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை, சில நிமிடங்களில் கிளிகளைக் கொல்லும். கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் புகையும் கேடுதான்.

இரவில் 10 முதல் 12 மணி நேர இருளும் அமைதியும் தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் தூக்கம் கெடும். எலியும் பூனையும் அண்டாத தனி அறை நல்லது. குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லாவிட்டால் கூண்டில் பானையோ கூடு பெட்டியோ வைக்கக்கூடாது. தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் உடலில் கால்சியம் வற்றும். முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போகலாம்.

தூய்மையும் புதுவரவும்

காகிதத்தையும் கிண்ணங்களையும் தினமும், கூண்டு முழுவதையும் வாரம் ஒருமுறையும் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே துடைக்க வேண்டும். கிளிகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிட்டக்கோசிஸ் என்னும் பாக்டீரியா நோய், எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பதால் வரும். காய்ச்சலும் இருமலும் கண்டால், வீட்டில் கிளிகள் இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்நோய் ஆன்டிபயாடிக்கில் குணமாகும்.

புதிதாக வரும் கிளியை 30 முதல் 45 நாட்கள் தனி அறையில் வைக்க வேண்டும். பழைய கிளிகளைக் கவனித்த பிறகே அதைக் கவனித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அலகு, இறகு நோய் என்னும் வைரஸ் நோய்க்கு மருந்து இல்லை என்பதால், அந்த நாட்களிலேயே பரிசோதனை செய்துகொள்வது மற்றவற்றைக் காக்கும்.

மருத்துவம்

இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்வது, வாலை ஆட்டி மூச்சு வாங்குவது, பகலிலும் தூங்குவது ஆகியவை தெரியும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். அந்தக் கிளியை உடனே தனிக்கூண்டில் கதகதப்பாக வைத்து, அன்றே பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அத்தகைய மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. கிளி வாங்கும் முன்பே தேடி வைத்திருக்க வேண்டும்.

நல்ல பராமரிப்பில் காக்கடீல் 15 முதல் 20 ஆண்டுகளும், சாம்பல் கிளி 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்னொரு கிளியைச் சேர்ப்பதற்கு முன், அத்தனை ஆண்டுகளுக்கும் நாள்தோறும் அதைத் தனியாகக் கவனிக்க நேரமும் ஆளும் உண்டா என்று வீட்டார் எல்லோரும் கலந்து முடிவுசெய்ய வேண்டும்.