வார்டு வேட்பாளரிடம் கேட்க வேண்டிய காலநிலைக் கேள்விகள்

வாக்குக் கேட்டு வருபவரிடம் சாக்கடையையும் தெருவிளக்கையும் பற்றிக் கேட்கிறோம். காலநிலை மாற்றத்தை டெல்லிக்குரிய பொருளென்று விட்டுவிடுகிறோம். அரசமைப்புச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. 74ஆவது திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணையின் 18 பொருள்களில் குடிநீர், திடக்கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியன அடங்கும். காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு ஆட்படாதிருக்கும் உரிமை, 14, 21ஆவது உறுப்புகளில் அடங்கியதென 2024இல் ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அது கானமயிலைக் காக்கத் தொடுத்த வழக்கு. ஆனாலும் உரிமை மனிதர்க்கே.

சென்னையைப் பார்ப்போம். 2015 வெள்ளத்திற்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த உழைக்கும் மக்கள், அவர்களுள் தலித்துகள் ஏராளம், வெள்ள அபாயத்தைக் காரணங்காட்டிப் பெரும்பாக்கத்திற்கு அப்புறப்படுத்தப்பட்டனர். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்கும் வெள்ளம் சூழ்கிறது. ஆகவே கரையோர வார்டின் வேட்பாளரிடம் கேட்போம்: அடுத்த வெளியேற்றத்தை மாமன்றத்தில் எதிர்ப்பீர்களா? ஆற்றை நெருக்கி நிற்கும் பெருங்கட்டடங்களையும் அதே அளவுகோலால் அளப்பீர்களா?

வடசென்னையில் கேள்வி வேறு. நகரத்தின் குப்பை கொடுங்கையூரில் மலையாகக் கிடக்கிறது. அங்கே எரியுலை அமைக்கும் திட்டத்திற்கு உங்கள் வாக்கு எந்தப் பக்கம்?

மழைநீரும் கழிவுநீரும் கலந்து அடைக்கும்போது குழிக்குள் இறக்கப்படுபவர் யாரென நாமறிவோம். கழிவுநீர்க் குழாய்களைத் தூய்மை செய்ய நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. எந்திரத்திற்கு நிதி ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவருவீர்களா?

“மரம் நடுவோம்” என்பதே மறுமொழியாக வந்தால், கேள்வியை மீண்டும் கேட்போம். விடையை எழுத்தில் வாங்குவோம்.