லேப்டாப்பில் ஓடுது, சர்வீஸா போட்டா நிக்குது... ஏன்?

ஏரியூர் வீட்டில் உட்கார்ந்து கோடிங் செய்தாலும் சரி, பெங்களூரு ஆபீஸில் செய்தாலும் சரி, விண்டோஸ் சர்வீஸ் எழுதுபவர்களைப் படுத்தும் எண் 1053. 'ஸ்டார்ட்' கொடுத்து 30 விநாடிக்குள் சர்வீஸ் பதில் தராவிட்டால் வரும் பிழை இது. இரவு பேக்கப் நின்றுபோனது காலையில்தான் தெரியும்.

காரணம் என்ன?

* டேட்டாபேஸ் இணைப்பு போன்ற நேரம் பிடிக்கும் வேலையை 'ஆன்ஸ்டார்ட்'டிலேயே வைப்பது. தனி த்ரெட்டுக்கு மாத்துங்க.
* சர்வீஸ் பெரும்பாலும் வேறு கணக்கில், சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும். ஃபைலுக்கு முழு பாத், அனுமதி இரண்டும் கொடுங்க.
* விஸ்டா முதல் சர்வீஸுக்குத் திரை இல்லை. மெசேஜ் பாக்ஸ் போட்டால் 'ஓகே' அழுத்த ஆள் இருக்காது.

டீபக் எப்படி?

எஃப்5 உதவாது. இன்ஸ்டால் செய்து, ஸ்டார்ட் கொடுத்து, விஷுவல் ஸ்டுடியோவில் 'அட்டாச் டு ப்ராசஸ்' போடுங்க. தொடக்கத்திலேயே விழுந்தால் ஈவன்ட் வியூவர் சொல்லும். மறுபடி பில்ட் செய்யும் முன் சர்வீஸை நிறுத்த மறக்காதீங்க!