கறவைக் கருவிகளைக் கழுவும் நீரும் பாலின் தூய்மையும்

நலமுள்ள மாட்டின் மடியிலுள்ள பாலில் பாக்டீரியாக்கள் மிகக் குறைவாகவே இருக்கும். பெரும்பாலானவை காம்பின் தோல், கறப்பவரின் கைகள், பாத்திரங்கள், கறவை இயந்திரம் ஆகியவற்றின் வழியே பின்னரே பாலில் சேர்கின்றன. இவற்றைக் கழுவும் நீரே மாசுற்றிருப்பின், பளபளக்கும் பால் கேனும் பாதுகாப்பானதன்று.

நீர் எவ்வாறு மாசடைகிறது?

மூடப்படாத கிணறு, சாணக்குழிக்கு அருகிலுள்ள ஆழ்துளைக் கிணறு, நெடுநாள் கழுவப்படாத தொட்டி ஆகியன முதன்மைக் காரணங்கள். மழைக்காலத்தில் கழிவுநீர் கசிந்து கிணற்றை அடையக்கூடும். நீரில் ஈ.கோலை காணப்படுவது மலக் கலப்பின் அடையாளம். தெளிந்த, மணமற்ற நீரிலும் அது இருக்கலாம்.

கருவிகளில் கிருமிகள் எவ்வாறு தங்குகின்றன?

பாலின் கொழுப்பு, புரதம், தாது உப்புகள் ஆகியவை கருவியின் உட்புறத்தில் படிகின்றன. அப்படிவில் பாக்டீரியாக்கள் ஒட்டி, வழவழப்பான உயிர்ப்படலத்தை உருவாக்குகின்றன. இப்படலம் கிருமிநாசினி உட்புகுவதைத் தடுக்கிறது. வெடிப்புற்ற ரப்பர் பாகங்களில் இது எளிதில் உருவாகும்.

குளிரூட்டினால் போதாதா?

போதாது. 4 டிகிரி செல்சியஸில் பல கிருமிகளின் வளர்ச்சி மந்தமாகும். ஆயினும் நீரில் வாழும் சூடோமோனாஸும், நோய் விளைவிக்கும் லிஸ்டீரியாவும் குளிரிலும் பெருகும். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டரைசேஷன் முறை இவற்றை அழிக்கும். ஆனால் சூடோமோனாஸ் முன்னரே சுரந்த சில நொதிகள் அவ்வெப்பத்தையும் தாங்கிப் பாலின் சுவையைக் கெடுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கறந்தவுடன் கருவிகளை வெதுவெதுப்பான நீரால் அலசுங்கள். கொதிநீரை முதலில் ஊற்றினால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும்.
• பின்னர் சோப்புக் கரைசலும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். இறுதி அலசலுக்குக் குடிக்கத் தகுந்த நீரையே பயன்படுத்துங்கள்.
• கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து, நீர் வடிந்து உலர விடுங்கள்.
• தொட்டியை முறையாகக் கழுவி, நீரில் குளோரின் கலந்து, குறைந்தது 30 நிமிடங்கள் கழித்துப் பயன்படுத்துங்கள்.
• தேய்ந்த, வெடித்த ரப்பர் பாகங்களை உடனே மாற்றுங்கள்.

எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு வெளிப்படும்.

எப்போது ஆலோசனை பெற வேண்டும்?

மடிநோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் பல மாடுகளுக்கு வந்தால், கால்நடை மருத்துவரை அணுகுங்கள். கழுவும் நீரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். காய்ச்சாத பாலைப் பருகாதீர்கள். குறிப்பாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு அதனால் கடும் நோய் ஏற்படக்கூடும்.