மூன்று துண்டு சினிமா!

ஒரே காட்சியை மூன்று கேமராக்களால் படம் பிடித்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் அப்படித்தான் எடுத்தார்கள். அந்த முறைக்குப் பெயர் 'சினிரமா'. 1952-ல் நியூயார்க்கில் அறிமுகமானது.

இடப்பக்கத்துக்கு ஒரு கேமரா, நடுவுக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. தியேட்டரில் மூன்று புரொஜக்டர்கள், வில் போல வளைந்த பிரமாண்டமான திரையில் மூன்றையும் பக்கம் பக்கமாகக் காட்டும். பார்ப்பவருக்குப் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்! ஒரே குறை, மூன்றும் சேரும் இடங்களில் சட்டைத் தையல் போல இரண்டு கோடுகள் தெரியும்.

1962-ல் வெளியான 'ஹௌ தி வெஸ்ட் வாஸ் வன்' படத்தின் பெரும்பகுதி இப்படி எடுத்ததுதான். அதை வீட்டு டிவிக்குக் கொண்டுவருவது லேசான வேலையா? மூன்று பிலிம்களையும் தனித்தனியே ஸ்கேன் செய்தார்கள். நடுவில் நீல வானம், ஓரத்தில் சாம்பல் வானம் என்று இருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் நிறங்களையும் ஒன்றுபோலாக்கினார்கள். கோடுகளைக் கம்ப்யூட்டரால் மறைத்தார்கள். 2008-ல் ப்ளூ-ரே வெளிவந்தது.

ஆனால், டிவி தட்டையானதாயிற்றே! வளைந்த திரைக்கான காட்சியைத் தட்டையாக விரித்தால், நேரான வேலிகூட மடங்கினாற்போல் தெரியும். ஆகவே ப்ளூ-ரேயில் 'ஸ்மைல்பாக்ஸ்' என்ற இன்னொரு வடிவத்தையும் கொடுத்தார்கள். இதில் படம் நடுவில் குட்டையாகவும் ஓரங்களில் உயரமாகவும் இருக்கும். வளைந்த திரையின் எதிரே உட்கார்ந்தது போலத் தோன்றும். கோடுகளை மறைத்ததைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். என்றாவது பார்க்க நேர்ந்தால், டிவி ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள்!