நிற்கிற வண்டியின் பெட்ரோல்

இரண்டாம் உலகப் போருக்காகச் சோழவரத்தில் போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்த பிறகு பந்தயக்காரர்களின் கைக்கு வந்தது. 1950களில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் அமையும்வரை, சென்னையில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடியது அங்கேதான். அசல் ஸ்போர்ட்ஸ் கார்களும் அங்கே ஓடின. ஆனால் அவை வசதி படைத்த சிலருடையவை. மற்றவர்கள் வீட்டுக் காரையே முடுக்கிவிட்டு ஓட்டினார்கள்: ஃபியட், அல்லது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அதன் சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஆகவே ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொன்னால் தப்பில்லை. இப்படிப்பட்ட கார் ஒன்று இருபது முப்பது வருடம் தார்ப்பாய்க்கடியில் கிடந்த பிறகு யாராவது அதை எடுத்து ஒழுங்குபண்ணத் தொடங்கினால், பணம் முதலில் பெயின்டுக்குப் போகிறது, அடுத்தது குரோமுக்கும் சீட்டுக்கும். பெட்ரோல் வரும் பாதைக்குக் கடைசி இடம். அங்கேயும் ‘எல்லாம் ஒரிஜினலாக இருக்கணும்’ என்று ஒரு பிடிவாதம். பெட்ரோல் பாதையைப் பொறுத்தவரை அந்தப் பிடிவாதம் தவறு என்பதே என் கட்சி. காரைச் செய்தவர்கள் இரண்டு விஷயங்களை நம்பி அந்தப் பாதையை அமைத்தார்கள்: அன்றைய பெட்ரோல், அன்றாட ஓட்டம். இன்று இரண்டுமே இல்லை.

ஓட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தினம் ஓடுகிற காரில் பெட்ரோல் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. கெட்டுப்போக அதற்கு நேரமே கிடையாது. நின்றுபோன காரில் கதை வேறு. லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். பல வருடம் நின்ற கார்புரேட்டரின் மூடியைக் கழற்றினால் பெட்ரோல் வாசனை வராது, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த வாசனைதான் வரும். கிண்ணத்தின் அடியில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பு நிறப் படிவு. பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டின் மேல், புளி போட்டுத் தேய்க்காத பாத்திரத்தில் பிடிக்கிற அதே பச்சைக் களிம்பு. துத்தநாகக் கலவையில் வார்த்த உடலில் வெள்ளைப் பொடி. இந்த வெள்ளைப் பொடி தண்ணீர் வந்துபோனதற்குச் சாட்சி. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டிய பட்டையில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்கவே வேண்டாம். பாதி காலியான டாங்க் பகலில் சூடேறி மூச்சு விடும், இரவில் குளிர்ந்து மூச்சு வாங்கும். வாங்குவது உப்பு கலந்த ஈரக்காற்று. அந்த ஈரம் தகட்டில் வியர்த்து, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கும். எனவே டாங்க் உள்ளிருந்து வெளியே, அதுவும் அடித் தையலில்தான் முதலில் ஓட்டையாகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிற டாங்கும் உள்ளே சல்லடையாக இருக்கலாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டி என்றால் இதோடு சேறும் சேர்ந்துகொள்ளும்.

இனி பெட்ரோல். ஹெரால்ட் வந்த காலத்தில் சென்னைக்கென்று சுத்திகரிப்பு ஆலை கிடையாது. மத்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 1965-ல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், மணலியில் உற்பத்தியைத் தொடங்கியது 1969-ல். அன்றைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருந்தது. எஞ்சினில் தட்டல் வராமல் காத்ததோடு வால்வு உட்காரும் இடத்தையும் அது கொஞ்சம் காத்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் போய்விட்டது. 2003-ல் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது, 2022-ல் நாட்டின் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20. பம்பில் அதே பெயர்தான் எழுதியிருக்கிறது, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். முப்பது வருடமாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த பிசினை இளக்கி, நேராக ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். பழைய ரப்பரை ஊதவைக்கும், அப்புறம் உலரவைத்து வெடிக்கவைக்கும். தண்ணீரையும் இழுக்கும்: 10 சதவீதக் கலவை ஏறத்தாழ அரை சதவீதத் தண்ணீரைத்தான் தாங்கும், 20 சதவீதம் இன்னும் சற்றுக் கூடத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்து, பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். துருவுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

இதைக் கேட்டதும் பழைய கார்க்காரர்களில் பலர், எல்லாப் பாவத்தையும் எத்தனால் தலையில் கட்டிவிடுகிறார்கள். எத்தனால் கலக்காததாக விற்கப்படும் 100 ஆக்டேன் பெட்ரோலை வாங்கி ஊற்றினால் போதும், எதையும் மாற்ற வேண்டாம் என்பது அவர்கள் வாதம். பாதி சரி. ஆனால் 1990களிலேயே நின்றுபோன கார்களைப் பாருங்கள். எத்தனாலின் வாசனையே படாத பெட்ரோல்தான் அவற்றில் கிடந்தது. டாங்க் துருப்பிடித்தது, ஜெட் அடைத்தது, பம்பின் டயாஃப்ரம் விறைத்தது எல்லாம் சுத்தமான பழைய பெட்ரோலிலேயே நடந்தது. முதல் குற்றவாளி நின்றது, இரண்டாவது தண்ணீர். எத்தனால் இரண்டுக்கும் கூட்டாளி. அந்த விலை உயர்ந்த பெட்ரோல் எல்லா பம்பிலும் கிடைக்காது என்பதும், வழியில் தீர்ந்தால் கிடைத்ததைத்தான் போட்டாக வேண்டும் என்பதும் தனி.

அப்படியானால் வேலையை எங்கே தொடங்குவது? மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் கை வைப்பது கார்புரேட்டரில். அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, கழற்றுவதும் சுலபம். கழற்றி, கழுவி, புது கிட் போட்டு மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். அரை மணி ஓடி நின்றும்விடும். டாங்கிலிருந்து புறப்பட்ட துருத்தூள் அதற்குள் ஜெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆற்றின் தலைப்பைக் கலங்கலாக விட்டுவிட்டுக் கடைமடையில் வடிகட்டிப் பயனில்லை. டாங்கை முழுதாக இறக்கி, உள்ளே சிறு ஜல்லியோ நட்டு போல்ட்டோ போட்டுக் குலுக்கி, துருவை உதிர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிற வழக்கம் உண்டு. துரு சீக்கிரம் போகும், நல்ல தகடும் கூடவே போகும், கழுவி வைத்த கொஞ்ச நேரத்தில் புதுத்துரு செம்மண் பூசியதுபோலப் படரும். பாஸ்பாரிக் அமிலம் மெதுவாக வேலை செய்தாலும் தகட்டின் மேல் ஒரு காப்புப் படலத்தை விட்டுவிட்டுப் போகிறது. வடசென்னையில் இன்னொரு சங்கடம், கழுவுகிற தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அலசினால் செய்த வேலை அத்தனையும் வீண். கடைசி அலசல் நல்ல தண்ணீரில், அதன்பின் சூடான காற்றில் உலர்த்தல். ஓட்டையை அடைக்க ரேடியேட்டர் கடையில் ஈயப்பற்று வைப்பார்கள், அது நல்ல வழி. பெட்ரோல் இல்லாத டாங்க்தானே என்று கேஸ் வெல்டிங்குக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கிற பக்குவத்தில் கலந்திருக்கும்.

டாங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே இருப்பவை இரண்டு: குழாய், பம்பு. இரும்புக் குழாயை ஊதிப் பார்த்து விடுவதைவிடப் புதிதாக வளைத்துப் போடுவது மேல். அதிகச் செலவும் இல்லை. ஹோஸ் மட்டும் பார்த்து வாங்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ரகம் எத்தனாலைத் தாங்கும். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பெயரில்லாத கறுப்பு டியூப் தாங்காது. எஞ்சின் ஓட்டத்தில் இயங்கும், ஏ.சி. கம்பெனியின் பழைய பம்பில் பார்க்க வேண்டியது டயாஃப்ரம். அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் சிந்தாது, உள்ளே எஞ்சின் ஆயிலிலும் போய்ச் சேரும். ஆயில் அளக்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். நீர்த்த ஆயிலில் ஓடிய பேரிங் எத்தனை நாள் தாங்கும்?

ஜெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு அதிகச் சேதம் நடப்பது அங்கேதான். ஹெரால்டில் இருந்தது ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். சோலெக்ஸ் ஜெட்டின் மேல் பொறித்த எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும்; 100 என்றால் துளை சரியாக ஒரு மில்லிமீட்டர். அடைப்பெடுக்கக் கம்பியை விட்டுக் குடைகிறார்கள். துளை 1.05 ஆகிவிட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும், பெட்ரோலும் ஏறத்தாழ அந்த அளவு கூடப் பாயும். இதில் வேடிக்கை, 20 சதவீத எத்தனாலுக்கு உண்மையிலேயே பெரிய துளை தேவை. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய அளவு ஜெட்டையே விட்டுவைத்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். கம்பியால் குடைந்து தற்செயலாகச் சரியான அளவுக்கு வந்துவிடலாம் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ஒன்றிரண்டு அளவு பெரிய ஜெட்டை வாங்கிப் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் முறை. ஆக, துல்லியமாக ஒரிஜினல் எண்ணுள்ள ஜெட்டைத் தேடிப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் முழுக்க அலைந்து வாங்கி வந்தவர், தன் எஞ்சினுக்குக் கெடுதல்தான் செய்கிறார்.

ஒரிஜினல் கட்சிக்கு ஒரு பலமான வாதம் உண்டு. ஹோஸ், ஜெட் என்று மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அது பழைய காரே இல்லையே, சட்டமும் அப்படித்தானே சொல்கிறது என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 50 வயது தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்ய மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதி, சேஸிஸ், உடல் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. ரப்பர் டயாஃப்ரம் எந்தக் காலத்திலும் தேய்ந்து மாற்றப்படும் பொருளாகவே இருந்தது. 1961-ல் அதைச் செய்தவர்களே மாற்று உதிரியையும் சேர்த்துத்தான் விற்றார்கள். பம்பின் உருவம், கார்புரேட்டரின் உடல், குழாய் போகும் வழி இவற்றைத் தொடாமல், பெட்ரோல் நேரடியாகப் படும் மென்மையான பாகங்களை மட்டும் காலத்துக்கேற்ப மாற்றுவது வேறு, காரையே மாற்றுவது வேறு. கசியும் ஒரிஜினல் ஹோஸ் சூடான எஞ்சினுக்கு மேலே ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எதிர்த்திசையில் இன்னொரு கட்சி: இவ்வளவு பாடு எதற்கு, எலெக்ட்ரிக் பம்பும் இன்ஜெக்‌ஷனும் மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்ததே என்கிறது. பழைய பம்பு தருவது 2, 3 பி.எஸ்.ஐ. அழுத்தம், இன்ஜெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் 40-க்கு மேல் வேண்டும். அதற்காக டாங்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும். எஞ்சின் நின்றால் பழைய பம்பும் தானாக நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்புக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதி நின்ற காரிலும் அது பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். கார்புரேட்டர் தெரிந்த கை இனி எங்கே கிடைக்கும் என்ற கவலையும் வடசென்னையில் கொஞ்சம் அதிகப்படி. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட் 350, 2020-ல் பி.எஸ்.6 புகை விதி வரும்வரை கார்புரேட்டரோடுதான் வந்தது. மிதவையின் மட்டம் பார்க்கவும், பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று கவனிக்கவும் தெரிந்தவர்கள் அந்தப் பகுதியில் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள்.

அந்த 2021 விதியில் இன்னொரு வாசகம் இருக்கிறது. விண்டேஜ் எண் வாங்கிய வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். அதாவது லட்சக்கணக்கில் செலவழித்து ஓடவைத்த கார், சட்டப்படியே வருடத்தில் பெரும்பகுதி நிற்கப்போகிறது. எனவே மீட்பு வேலையில் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘இது ஓடும்போது தாங்குமா’ என்பதைவிட, ‘இது நிற்கும்போது தாங்குமா’ என்பது. டாங்கின் உட்பூச்சு எத்தனாலில் கரையாத ரகமா? மூடியின் காற்றுத்துளை அடைபடாமல் இருக்கிறதா? ஹெரால்டின் டாங்க் டிக்கிக்குள் ஒரு ஓரமாக இருக்கும், அதில் ரிசர்வுக்கு ஒரு சிறு நெம்புகோல் உண்டு. ரிசர்வைத் திருப்பினால் பெட்ரோல் அடிமட்டத்திலிருந்து வரும். தண்ணீரும் துருவும் தங்குகிற இடமும் அதுவே. வடகிழக்குப் பருவமழைக்கு முன் காரை மூடி வைப்பவர் அந்த அடிமட்டத்தை வடித்துவிட்டு, டாங்கைப் புது பெட்ரோலால் கழுத்துவரை நிரப்பி, குழாயை அடைத்து, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். ஜனவரியில் திறக்கும்போது கிண்ணத்தில் பிசினாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.