காலேஜில் இழுத்த கஞ்சா: சொன்னால் தப்பலாம், மறைத்தால் ஜெயில்!

அமெரிக்காவில் ரகசிய வேலைக்குக் கெடுபிடி

வாஷிங்டன்,
காலேஜில் படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து நாலு தடவை கஞ்சா இழுத்தவர் அவர். பிறகு தொடவே இல்லை. இப்போது அமெரிக்க அரசின் ரகசியத் தாள்கள் புழங்கும் வேலைக்கு மனு போடுகிறார். வேலை கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் "கஞ்சாவா? கண்ணால் கூடப் பார்த்ததில்லை" என்று எழுதி மாட்டிக்கொண்டால் வேலையும் போச்சு, ஜெயிலும் காத்திருக்கிறது!

100 பக்கப் படிவம்

இந்த மாதிரி வேலைக்கு 'பாதுகாப்பு அனுமதி' வாங்கியாக வேண்டும். நம் ஊரில் சர்க்கார் வேலைக்கு முன்னால் போலீஸ் விசாரணை நடக்கிறதே, அதுபோலத்தான். கெடுபிடி மட்டும் பல மடங்கு அதிகம்.

'எஸ்.எப். 86' என்ற படிவம் 100 பக்கத்துக்கு மேல் இருக்கும். அதில் 23-வது பகுதி போதைப்பொருள் பற்றியது. கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாக உபயோகித்தது உண்டா, எத்தனை தடவை, இனியும் உபயோகிக்கும் எண்ணம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

அதோடு விடுவதில்லை. அக்கம்பக்கத்தார், நண்பர்கள், பழைய முதலாளி என்று நேரில் போய் விசாரிக்கிறார்கள். சி.ஐ.ஏ.வில் பொய் கண்டுபிடிக்கும் கருவி சோதனையும் உண்டு.

"கடையில் வாங்கினா தப்பா?"

கொலராடோ மாநிலத்தில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். கடையில் பில் போட்டே விற்கிறார்கள். "காசு கொடுத்துக் கடையில் வாங்கினா அது தப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தப் பில் மத்திய சர்க்காரிடம் செல்லாது. 1970-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கஞ்சாவும் இருக்கிறது. சட்டவிரோதமாகப் போதைப்பொருள் உபயோகித்து வருபவருக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2008-ல் சட்டமே வந்துவிட்டது.

5 பேர் வேலை காலி

2021 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் இந்த விவகாரம் வெடித்தது. புதிதாகச் சேர்ந்த பல நூறு பேரில், போதைப்பொருள் விதிகளால் 5 பேர் வேலையில் இல்லை என்று அப்போதைய செய்தித் தொடர்பாளர் ஜென் சாகி ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெய்ன்ஸ் சுற்றறிக்கை விட்டார். பழைய கஞ்சாப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றார். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு தொடவே கூடாது!

எழுதிக் கொடுத்தால் சாதகம்

கடைசியாக இழுத்து எவ்வளவு நாளாச்சு, பழைய கூட்டாளிகளின் சகவாசத்தை விட்டாரா என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள். "இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியைப் பறித்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 2017 முதல் அமலில் உள்ள விதிப்படி அது மனுதாரருக்குச் சாதகம்.

"உண்மையை எழுதினால் கேஸ் போட்டுவிடுவார்களோ?" என்ற பயம் பலருக்கு. அந்தப் பயம் வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் உண்மையாகச் சொன்ன பதிலைக் குற்ற வழக்கில் சாட்சியமாக்க மாட்டோம் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

பழைய கதையை மறைப்பவரை, அதையே வைத்து நாளைக்கு யாராவது மிரட்டி ரகசியத்தைக் கறந்துவிடலாம். அதிகாரிகளின் கவலை அதுதான். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை.