சிஸ்டிக் பைப்ரோசிசில் நாட்பட்ட சைனசு அழற்சி

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்வதால் உண்டாகும் பரம்பரை நோயாகும். இந்நோயில் சளி கெட்டிப்பட்டு, மூக்கை ஒட்டிய எலும்பறைகளான சைனசுகளில் தேங்குகின்றது. அதில் கிருமிகள் வளர்கின்றன. மூக்கடைப்பும் மணமறியாமையும் நீடிக்கின்றன. அக்கிருமிகள் நுரையீரலுக்கும் பரவக்கூடும்.

இந்தியாவில் இந்நோய் மிக அரிது எனக் கருதப்பட்டமையால் பலருக்குக் கண்டறியப்படாமல் போகின்றது. குழந்தையின் மூக்கினுள் சதை வளர்ந்தால் வியர்வைச் சோதனை செய்தல் வேண்டும். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பது இந்நோயைக் காட்டும். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கு மருத்துவம் அளிக்கப்படுகின்றது.

காய்ச்சி ஆறவைத்த நீரில் உப்புக் கலந்து நாள்தோறும் மூக்கைக் கழுவுவது அடிப்படைப் பராமரிப்பாகும். அறுவை மருத்துவம் அடைப்பை நீக்கும். ஆயினும் சளியின் தன்மை மாறாததால் கழுவுதலை நிறுத்தலாகாது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மும்மருந்துக் கூட்டு, குறிப்பிட்ட மரபணுத் திரிபுகள் உள்ளோருக்குச் சைனசுத் தொல்லையையும் குறைக்கின்றது.